மிஞ்சிய ஒரு கண்ணி

நாற்பத்தொன்பதை ஆறால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை என்ன செய்வது என்பதில்தான் மாலை வகுப்பில் ஒவ்வொருவர் குணமும் வெளியே வந்தது.

வகுப்பு நாகர்கோவிலில், ‘மடிப்பு’ என்ற கலைக்கூடத்தின் மாடியில் நடந்தது. புதனும் வெள்ளியும், மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. நூல் இலவசம், குரோஷா ஊசி இலவசம், தேநீரும் இலவசம். பின்னி முடித்ததைக் கலைக்கூடத்திடமே கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சேர்ந்த அன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பதினாறு பேரில் பதினைந்து பேர் அதைப் படிக்கவில்லை. ஜெபிஷா இரண்டு முறை படித்தாள். ‘கையசைவுத் தரவு’ என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடும் போட்டாள். கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று கேட்காமல் விட்டாள்.

பாடம் சொல்லிக்கொடுத்த கௌசிகன் சார் சென்னைக்காரர், கணிதம் படித்தவர். முதல் நாள் ஒரு தாளையும் ஒரு பந்தையும் ஒரு முட்டைக்கோஸ் இலையையும் மேசைமேல் வைத்தார்.

"தாள் தட்டை. பந்து தனக்குள்ள மூடிக்குது. இந்த இலையோட ஓரம் ரெண்டும் இல்லை. வெளிய போகப் போக இடம் தேவைக்கு மேல வளருது. அதனால அலை அலையா மடங்குது. காகிதத்துல இதைச் செஞ்சா கிழியும். குரோஷாவுல வரும். முதல் சுற்று முப்பத்தாறு கண்ணி. அடுத்த சுற்றுல ஆறு கண்ணிக்கு ஒண்ணு கூட்டிப் போடுங்க. நாப்பத்திரண்டு. அதுக்கடுத்து நாப்பத்தொன்பது. இப்படியே பன்னிரண்டு சுற்று."

"எங்க நாத்தனா சேலை கட்டுனா கொசுவமும் இப்பிடித்தான் நிக்கும் சார். தேவைக்கு மேல வளர்ந்து," என்றாள் விஜிலா. வகுப்பே சிரித்தது.

விஜிலாவுக்கு நாற்பத்தாறு வயது. செட்டிகுளம் பக்கத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் புருவம் அவள் நூலுக்குத் தலை கொடுத்ததுதான். நாற்பத்தொன்பதில் மிஞ்சும் ஒரு கண்ணியை அவள் அப்போதைக்கு விட்டுவிடுவாள். அடுத்த சுற்றில், யாரும் பார்க்காத ஒரு மடிப்புக்குள், அதைச் சொருகிவிடுவாள். "பைக்குள்ள போட்டு வச்சிருக்கேன்" என்பாள். ஜெபிஷாவால் அது முடியாது. ஒன்று மிஞ்சினால் தான்தான் எங்கோ தவறவிட்டோம் என்று தோன்றும். நுனியை இழுத்து, சுற்று முழுவதையும் பிரித்து, மறுபடி எண்ணுவாள். மறுபடியும் ஒன்று மிஞ்சும்.

"எட்டி, அது கணக்குலயே மிஞ்சுதுட்டி. ஓங் குத்தமில்ல," என்பாள் விஜிலா. எண்ணும்போது ஜெபிஷாவின் உதடு அசைவதைப் பார்த்து, "பைபிள் வாசிக்கியா?" என்று கேலியும் செய்வாள்.

பகலில் ஜெபிஷாவுக்குப் பழைய பத்திரங்களின் ஸ்கேன் படிகளில் பக்க எண் சரிபார்க்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் வகுப்புக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். யார், எந்தச் சுற்று, எங்கே தப்பினார்கள், கண்ணியின் அகலம் என்ன. ஒருநாள் கௌசிகன் சார் அதைப் பார்த்தார். மறு வகுப்பில் தடிமனான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, எல்லார் பிழையையும் இனி இதில் எழுதச் சொன்னார். "இந்த வகுப்புல உண்மையான கணித மனசு உங்களுக்குத்தான்" என்றார். அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள் ஜெபிஷா. அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் மாதம் அந்த நோட்டில் அவள் எழுதியது: "விஜிலாக்கா. நான்காம் சுற்று. கடைசிப் பத்துக் கண்ணிகள் முதல் பத்தைவிடச் சிறியவை. புதுச் சுற்று தொடங்கியதும் பழைய அளவு. பிறகு மறுபடி சிறுக்கிறது?" அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. ஸ்கேலைச் சந்தேகப்பட்டுப் புது ஸ்கேல் வாங்கினாள். அதிலும் அப்படியே. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். அதன் பிறகு விஜிலாவின் கண்ணிகளை அளப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர்கள் பிடித்திருந்த ஊசிகளுக்குள் கையசைவைப் பதியும் மணலளவு கருவி ஒன்று இருந்தது. அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.

*

ஜனவரியில் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு. தங்கள் கைவேலைதான் வைக்கப்போகிறார்கள் என்று வகுப்பே பட்டுச்சேலையில் வந்தது. கூடத்தில் இருந்ததோ ஒன்றுகூட அவர்கள் பின்னியது அல்ல. மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டுக் கால்களோடு ஓர் இயந்திரம் பின்னிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ‘மனிதக் கை’ என்று எழுதியிருந்தார்கள்.

"இது நான் போட்டதுலா!" என்று ஒருத்தி கத்தினாள். "ஆனா நான் நீல நூலு தொட்டதே இல்லையே."

தங்கள் தங்கள் தப்பை அடையாளம் கண்டு அவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். தப்பே இல்லாமல் இயந்திரம் பின்னியதை எவரும் வாங்கவில்லையாம். இப்போது இயந்திரம் இவர்களைப் போலத் தப்புகிறது. அதனால் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் மூன்று வெள்ளை மேடைகள். ‘பிற்காலம் ஒன்று’, ‘பிற்காலம் இரண்டு’, ‘பிற்காலம் மூன்று’. நான்காவது, கறுப்புத் திரைக்குப் பின்னால் தனி அறையில் இருந்தது. ஜெபிஷா ஒவ்வொன்றின் முன்னும் நின்று எண்ணினாள். கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போயின. இரண்டாவதில் இன்னும் சிறிது. மூன்றாவதில் சில கண்ணிகள் கடுகளவு, இறுகி, நூல் நூலைக் கடித்துக்கொண்டு கிடந்தன. மூன்றிலும், நான்காம் சுற்றின் ஒரு மடிப்புக்குள், மிஞ்சிய ஒரு கண்ணி ஒளித்துச் சொருகப்பட்டிருந்தது.

பருத்திச் சேலையும் பெரிய வெள்ளி மோதிரமுமாய் ஒரு பெண்மணி கட்லெட் தின்றுகொண்டே மூன்றாவதன் அருகே வந்தார். சாஸ் ஒட்டிய விரலை நக்கிவிட்டு, அதே விரலால் அந்தக் கடுகுக் கண்ணிகளை வருடினார்.

"இங்க பாருங்க, இங்க கை நடுங்கியிருக்கு," என்றார் கூட வந்தவரிடம். "எவ்வளவு நேர்மையான நடுக்கம்!" பிறகு குனிந்து, ஓரத்தைத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

ஜெபிஷாவின் வாயில் புளிப்பு ஊறியது. அறையில் அடித்திருந்த மல்லிகை ஸ்ப்ரேயும் கட்லெட் எண்ணெயும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. திரைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு நேரே கௌசிகன் சாரிடம் போனாள்.

"சார், இந்தப் பிற்காலம் யாரோடது?"

"ஏதோ ஒரு கை. பொதுவா."

"விஜிலாக்கா கை."

அவர் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா! நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு கை எப்படித் தப்பு பண்ணுதுங்கறதுக்கு ஒரு சமன்பாடு எழுதலாம், ஜெபிஷா. அதுல காலமும் ஒரு எண். மத்தவங்க கையில காலத்தை முன்னால ஓட்டிப் பார்த்தேன். பெருசா ஒண்ணும் மாறலை. சலிப்பு. விஜிலா கையில ஓட்டினப்போ…" மேடைகளை நோக்கிக் கையை நீட்டினார். "மூணு வருஷம், ஆறு வருஷம், ஒன்பது. உள்ள இருக்கறது பன்னிரண்டு."

"அது நோய் சார்."

"அந்த வார்த்தையை நான் சொல்லலை." ஈரத்தாள் ஒன்றை உருவி, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். "நாங்க டாக்டர் இல்லையே. உடம்பைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அக்டோபர்ல. உங்க நோட்டுலதானே முதல்ல இருந்துச்சு? நீங்க கேள்விக்குறி போட்டிருந்தீங்க. நான் ஊசியோட பதிவை எடுத்துப் பார்த்தேன். நீங்க அளந்தது மில்லிமீட்டர் பிசகாம சரி. நன்றி சொல்லணும்னு நினைச்சிட்டே இருந்தேன்."

அவர் உண்மையாகவே நன்றியோடுதான் அவளைப் பார்த்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"மார்ச்ல பதிவு முடியுது, அது வரைக்கும் பொறுத்துக்கங்க," என்றார் சுண்டுவிரலைத் துடைத்தபடி. "இப்ப சொன்னா மாத்திரை சாப்பிடுவாங்க. சாப்பிட்டா கை மாறிடும். பதிவு பாதியில நின்னுடும்."

ஜெபிஷா கழிவறைக்குப் போனாள். முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்தபோது, அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று தன் உதடு அசைவதைக் கண்டாள். எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. செவ்வாய் மாலை ஜெபிஷா புருவம் திருத்தப் போனாள். அவள் திட்டம் போட்டுத்தான் போனாள். விஜிலா நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுப்பவள். அப்போது அவளால் பேச முடியாது. அவள் பேசினால் தன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று ஜெபிஷாவுக்குத் தெரியும்.

வலது புருவத்தில் நூல் ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சிறுத்துப்போகும் கண்ணிகள். ஊசிக்குள் இருக்கும் கருவி. மூன்று வருஷம், ஆறு வருஷம். மாத்திரை. மார்ச். நூல் நடுவில் ஒருமுறைதான் நின்றது. பிறகு ஓடி முடித்தது.

விஜிலா நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"அப்பம் அந்தக் காலமாடன் சாரு என் கையப் பாத்து ‘அபூர்வம், அபூர்வம்’னு சொன்னது இதத்தானா?"

ஜெபிஷா கண்ணைத் திறந்தாள்.

"நான் வீட்ல போயி இவருட்ட சொன்னேம்ட்டி, எனக்கு அபூர்வமான கையாம்னு. அவரு தெனமும் ‘அபூர்வக் கையால ஒரு சாயா போடு’ன்னு கேலி பண்ணிட்டுக் கெடக்காரு." நூலைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "இடது பக்கம் முடிக்க நேரமாவுதேன்னு நானும் பாத்தேன். வயசுன்னு விட்டுட்டேன். நீ எப்பம் பாத்த?"

"அக்டோபர்ல."

"இப்பம் என்ன மாசம்?"

"ஜனவரி."

விஜிலா விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"எனக்கே நம்பிக்கை இல்லக்கா. நான் தப்பா அளந்திருப்பேன்னு…"

"ஒன் சந்தேகத்துல தீய வைக்க," என்றாள் விஜிலா, குரலை உயர்த்தாமலே. பிறகு நாற்காலியைத் திருப்பினாள். "செரி, இடது புருவம் பாக்கி நிக்கி. தலையத் தூக்கு."

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் விஜிலாவை எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். எழுத்தும் வரி முடிவில் சிறுத்தது. பார்க்கின்சன் என்றார். ஆரம்ப நிலைதான், மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று ஜெபிஷா கேட்டாள்.

"குணமாகாதும்மா. ஆனா இந்த நாலு மாசம் அவங்க கை சிரமப்பட்டிருக்க வேண்டாம்."

அந்தப் பதில் அவளைக் குற்றவாளியாகவும் ஆக்கவில்லை, விடுவிக்கவும் இல்லை. வெளியே வந்து வெயிலில் நின்றபோது விஜிலா சொன்னாள்: "எனக்கு அத ஒருவட்டம் பாக்கணும். அந்தப் பிற்காலத்த."

*

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. விஜிலா கோயிலுக்குக் கட்டும் சந்தன நிறச் சேலையில் வந்தாள். தோளில் கைப்பை. முதல் மேடையின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டாவதன் முன் இன்னும் அதிக நேரம். மூன்றாவதில் குனிந்து, நான்காம் சுற்றின் மடிப்பை விரலால் விலக்கி, ஒளித்து வைத்த கண்ணியைப் பார்த்தாள்.

"பாவி, என் பைக்குள்ளயும் கைய விட்டிருக்கான்."

பிறகு திரையைப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ன?"

"அது பன்னிரண்டு வருஷம் கழிச்சு. மாத்திரை சாப்பிடாம இருந்தா வர்றது. அது உங்களோடது இல்லக்கா, வெறும் கணக்கு."

"பின்னியிருக்கேனா?"

"ம்."

"எத்தன சுத்து?"

ஜெபிஷா ஞாயிற்றுக்கிழமை அதை எண்ணியிருந்தாள். மூன்று முறை. "பன்னிரண்டு," என்றாள் சட்டென்று. "முழுசா. எல்லாரையும் போல."

விஜிலா அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீ எண்ணுனத சொல்லும்போதும் ஒன் ஒதடு அசையும். இப்பம் அசையல." கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "அவனும் எனக்கு நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தேம்பான். நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துராத மக்கா. வா, சத்தமா எண்ணு."

ஜெபிஷாவுக்கு மறுபடி அந்தப் புளிப்பு வாயில் ஊறியது. இந்த முறை அது கட்லெட் வாடையால் அல்ல.

திரைக்குப் பின்னால் சிறிய அறை. ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே சிவப்பு நூலில் பின்னிய கைப்பிடியளவு வேலை ஒன்று கிடந்தது. ஜெபிஷா சத்தமாக எண்ணினாள். முதல் சுற்று முப்பத்தாறு. இரண்டாவது நாற்பத்திரண்டு. மூன்றாவது நாற்பத்தொன்பது. நான்காவது ஐம்பத்தேழு. ஐந்தாவது, அறுபத்தாறு இருக்க வேண்டிய இடத்தில், நாற்பத்தொன்று. அங்கே நின்றுவிட்டது. முடிச்சுப் போட்டு மூடக்கூட இல்லை. கடைசிக் கண்ணி வாய் திறந்தபடி கிடக்க, நூல் நுனி மேசை விளிம்பில் தொங்கியது. அப்படித் தொங்கும்படி யாரோ விளக்கைப் பார்த்து அமைத்திருந்தார்கள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் விஜிலா. "அதோட ஊசியக் கீழ வைக்கச் சொல்லிட்டு போல கை."

பின்னாலிருந்த வரிசையில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். விஜிலா தொங்கும் நுனியை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் வைத்துக்கொண்டாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ஜெபிஷாவுக்குப் புரிந்துவிட்டது. நூறு தடவை தானே செய்த காரியம் அது. முடிச்சுப் போடாத குரோஷாவை நுனியைப் பிடித்து இழுத்தால் போதும்.

விஜிலா இழுத்தாள்.

டப், டப், டப் என்று கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிரிந்தன. ஐந்தாம் சுற்று போயிற்று. நான்காவதில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த கண்ணியும் சத்தமில்லாமல் போயிற்று. ஜெபிஷா பிரிந்து வரும் நூலைக் கையில் சுற்றத் தொடங்கினாள். உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றினாள். இறுகிய இடங்களில் நூல் அடம் பிடித்தது. விஜிலாவின் இடது கை நடுங்கியது, வலது கையை உதவிக்கு அழைத்தது, மறுபடி இழுத்தது.

கடைசிக் கண்ணி அவிழ்ந்ததும் திரைப் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் தலைக்கு மேலே நின்றன.

கௌசிகன் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெற்று மேசையைப் பார்த்தார், செல்போன்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரத் தொடங்கி, வழியில் எதையோ கணக்குப் போட்டு, புன்னகையாக மாறியது.

"பரவாயில்லை," என்றார் ஜெபிஷாவிடம் மெதுவாக. "சமன்பாடு இருக்கே. திங்கட்கிழமை இன்னொண்ணு பின்னிடும்."

"பின்னட்டும்," என்றாள் விஜிலா. "திங்கக்கெழம எனக்கு லீவுதான். வாறேன்."

அவள் திரும்பியபோது வெள்ளி மோதிரப் பெண்மணி எதிரே நின்றார். இன்றும் வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. கையில் ஒரு தட்டு.

"நீங்கதானா அவங்க? எனக்கு… உங்க கையை ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

விஜிலா அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரத்தின் இடுக்கில் சிவப்பாகச் சாஸ் காய்ந்திருந்தது.

"தொடலாம்," என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க."

அந்தப் பெண்மணி உண்மையிலேயே தட்டை வைத்துவிட்டுக் குழாயைத் தேடிப் போனார். அவர் திரும்பி வருமுன் இருவரும் படியிறங்கியிருந்தார்கள். வெளியே நல்ல வெயில். ஜெபிஷாவின் கையில் சிவப்பு நூலுருண்டை இருந்தது.

"நல்ல நூலு," என்றாள் விஜிலா, அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே. "எத்தன கண்ணி வந்திச்சி?"

"இருநூத்தி இருபத்தஞ்சு," என்றாள் ஜெபிஷா. உதடு அசைந்தது. அவள் மறுபடி எண்ணவில்லை.